திருப்பி ஊற்றும் கிணறு

எங்கள் ஊரில் எந்தப் பெரிய முடிவும் கழுத்தளவு வெந்நீரில்தான் எடுக்கப்படும். நகர மன்றத்துக்கென்று கட்டடம் இருக்கிறது, பச்சைத் துணி விரித்த நீள மேசை இருக்கிறது, முத்திரை, கொடி எல்லாம் இருக்கிறது. எல்லாமே ஒப்புக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியல் நிலையத்தின் பெரிய திறந்தவெளித் தொட்டிக்குள், பூமியிலிருந்து சுடச்சுட வரும் பழுப்புத் தண்ணீரில் ஏழு உறுப்பினர்களும் தலையை மட்டும் வெளியே நீட்டி உட்கார்ந்து பேசுவார்கள், கை தூக்குவார்கள். திங்கட்கிழமை மண்டபத்தில் அதே கையைச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டு வந்து இன்னொரு முறை தூக்குவார்கள். தண்ணீரில் ஒத்துக்கொண்டதை மண்டபத்தில் மாற்றிப் பேசியவர் இதுவரை யாருமில்லை. பேசினால் அப்புறம் தொட்டியில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். இந்த ஊரில் அதைவிடப் பெரிய தண்டனை வேறென்ன இருக்கிறது?

அந்த பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை கிங்கா தொட்டியின் கரையிலேயே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள். குளியல் உடையில், வெறுங்காலோடு, மைனஸ் நாலு டிகிரியில். குளிர் அவளுக்கு உறைக்கவில்லை. ஊர்ச் சூடேற்று நிலையத்துக்கு அவள்தான் பொறுப்பாளர். கடைத்தெருவுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் பதினோரு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் குளிர்காலத்தில் குழாய் வழியே சூடு அனுப்புவது அவள் வேலை. கேஸ் விலை ஏறிய ஏற்றத்தில், வீட்டுக்குள் பதினேழு டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று முந்தின நவம்பரில் உத்தரவு போட்டதும் அவள்தான். கையெழுத்தும் அவளுடையதுதான். மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம், "உங்க வீட்டுல மட்டும் வெதுவெதுன்னு இருக்குமே அம்மா?" என்று கேட்டார்கள். அவள் வீட்டிலும் பதினேழுதான். டிசம்பரில் அவள் புருஷன் ஆகோஷுக்கு நிமோனியா வந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்ததும் அந்தப் பதினேழால்தான். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்.

"இன்னொரு குளிர்காலம் இப்படிப் போச்சுன்னா நான் பொறுப்பில்லை" என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். ஆஸ்திரியாவில், கிராஸ் நகரத்தில், ஆகோஷின் மாமன் மகன் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். கடைக்குள்ளேயே உட்கார்ந்து செய்கிற வேலை, கதகதப்பான வீடு, எல்லாம் தயார். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். கிங்காவின் வெந்நீர்க் கிணற்றுத் திட்டத்துக்கு மன்றம் சம்மதித்து, அடுத்த குளிர்காலத்துக்குள் வீடு சூடாகுமென்றால் இங்கேயே இருப்பது. இல்லையென்றால் பெட்டி கட்டுவது. பிறந்த ஊரை விட்டு ஒரு வாரம்கூடத் தங்கியிராத கிங்காவுக்கு, பெட்டி என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து நடக்க வேண்டும்போல இருக்கும்.

"ஏம்மா கிங்கா, நீ நடக்கற நடையில எங்களுக்குத் தலை சுத்துது. உள்ள வந்து தொலை!" என்று தண்ணீருக்குள்ளிருந்து கத்தினார் டெஜோ. கண்ணாடிக் கூடங்களில் மிளகாய் பயிரிடுகிறவர், அவற்றைச் சூடாக்க நாலு வெந்நீர்க் கிணறு வைத்திருக்கிறவர். மன்றத்தில் அவர் கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் இன்னும் இரண்டு கை போகும்.

அவள் இறங்கினாள். தண்ணீர் கழுத்துக்கு வந்ததும் உடம்பு இளகியது. மனசு இளகவில்லை.

"நீ எழுதிக் கொடுத்ததைப் படிச்சேன்" என்றார் டெஜோ. தலைமுடியில் உறைபனி படிந்து, பார்க்க மாவில் விழுந்த பூனைபோல இருந்தார். "ரெண்டாயிரம் மீட்டர் தோண்டி, தொண்ணூறு டிகிரி தண்ணி எடுக்கப் போறே. சரி, எடு. கட்டடத்துக்கெல்லாம் விடு. அதுவும் சரி. ரெண்டாவதா ஒரு கெணறு கேட்டிருக்கியே, அது எதுக்கு?"

"எடுத்த தண்ணியைத் திருப்பி உள்ள விட, மாமா."

"திருப்பி உள்ள விடறதுக்கு எதுக்குடியம்மா வெளிய எடுக்கணும்?"

தொட்டி முழுக்கச் சிரிப்பு. தண்ணீருக்குள் உட்கார்ந்தபடியே சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த இரண்டு கிழவர்கள்கூடக் காயை விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

"சூட்டை மட்டும் நாம எடுத்துக்கறோம். தண்ணியைத் திருப்பிக் கொடுத்துடறோம்."

"நல்லா இருக்கே! வாத்தைப் பொரிச்சுத் தின்னுட்டு எலும்பை முட்டைக்குள்ள திருப்பி வைக்கற கதை! என் பாட்டன் காலத்துலேர்ந்து கால்வாய்லதானே விடறோம்? கால்வாய் என்ன கோவிச்சுக்கிச்சா?"

இந்தக் கால்வாயைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். குளியல் நிலையத் தண்ணீர், டெஜோவின் கண்ணாடிக் கூடத் தண்ணீர், மற்ற விவசாயிகளின் கிணற்றுத் தண்ணீர், அத்தனையும் வேலை முடிந்ததும் அதில்தான் போய் விழும். ஜனவரியில்கூட ஆவி பறக்கும். வாத்துகள் குளிர்காலம் முழுக்க அதில் மிதந்துகொண்டிருக்கும். ஊர்க் காலண்டரில் வருஷா வருஷம் அந்தப் படம்தான். பூமி நமக்குக் கொடுத்த கொடை என்று பள்ளிக்கூடத்தில் பாட்டே இருக்கிறது. கொதிக்கிற தண்ணீரைச் சாக்கடைக்கு விட்டுவிட்டு, வீட்டைச் சூடாக்க எங்கேயோ ஒரு நாட்டிலிருந்து கேஸ் வாங்கிக்கொண்டிருந்தோம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்களுக்குப் பாட்டு ஒரு கேடு!

"தண்ணி போய்க்கிட்டே இருந்தா அடியில அழுத்தம் குறையும், மாமா. கொறைஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. கணக்கு காட்டினேனே."

"கோடு கோடா வரைஞ்சு கொடுத்தே. என் பேத்தியும் வரைவா."

மருந்துக்கடை பிரோஷ்கா, மன்றத்தின் ஒரே பெண் உறுப்பினர், சிரிப்பை அடக்கத் தண்ணீருக்குள் வாயை முக்கிக்கொண்டாள். அவளும் டெஜோ பக்கம்தான் என்று கிங்காவுக்குப் புரிந்துவிட்டது. நெஞ்சு படபடவென்று அடித்தது. குளியல் நிலைய டாக்டர் இருபது நிமிஷத்துக்கு மேல் உட்காராதே என்று பலகையில் எழுதிப் போட்டிருப்பது சும்மா இல்லை.

அப்போது நகரத் தலைவர் லோராந்த் தண்ணீரைத் துழாவிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவள் விடையைப் பார்த்து எழுதித்தான் அவன் கணக்கில் தேறினான்.

"காதைக் கொடு" என்று முணுமுணுத்தான். "ஒரு கெணறுன்னா ஐரோப்பிய மானியத்துலயே முடிஞ்சுடும். அனுமதியும் கையில இருக்கு. அடுத்த நவம்பர்ல குழாயில சூடு வந்துடும். ரெண்டுன்னா மனுவை மாத்தணும், கடன் வாங்கணும், தலைநகரத்துல போய் அனுமதிக்குத் தொங்கணும். இன்னும் ரெண்டு குளிர்காலம் போயிடும்டி."

"ஒரு கெணறுன்னா பதினஞ்சு வருஷத்துல நின்னுடும், லோராந்த்."

"பதினஞ்சு வருஷம் கழிச்சு பார்த்துக்கலாம். அப்போ வேற எவனாவது தலைவனா இருப்பான், அவன் தலையெழுத்து." அவள் காதுக்கு இன்னும் கிட்ட வந்தான். "ஆகோஷுக்கு இருமல் எப்படி இருக்கு?"

பாவி! அடிக்க வேண்டிய இடம் தெரிந்து அடித்தான். கிங்கா தொட்டியைச் சுற்றிப் பார்த்தாள். மன்றத்தின் ஏழு தலைகள், ஏழும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆகோஷ் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கியது கண்முன் வந்தது.

"சரி" என்றாள். "இப்போதைக்கு ஒண்ணு."

"அப்படிச் சொல்லு என் தங்கம்!" என்றார் டெஜோ. ஏழு கைகள் தண்ணீரிலிருந்து மேலே வந்தன. குளிர்காற்றில் ஒவ்வொரு கையிலிருந்தும் ஆவி எழும்பியது. யாரோ பாலிங்கா என்கிற பழச்சாராயப் புட்டியை எடுத்தார்கள். கிங்காவும் ஒரு மடக்கு குடித்தாள். தொண்டை எரிந்ததே தவிர சந்தோஷம் வரவில்லை. ஜெயித்தவளுக்கு ஏன் இப்படிக் காலும் கையும் பரபரக்கிறது என்று அவளுக்கே விளங்கவில்லை.

மதியம் பன்னிரண்டுக்கு வெண்டெல் மணியடித்தார். குளியல் நிலையக் காவலாளி, பராமரிப்பாளி, டிக்கெட் கிழிப்பவர், எல்லாம் அவரே. எங்கள் தண்ணீரில் மருந்து எதுவும் கலப்பதில்லை. அதனால் வாரத்துக்கு ஒருமுறை தொட்டியை முழுசாக வடித்து, கழுவி, புதுத் தண்ணீர் விடவேண்டும். ஞாயிறு மதியம் வடிப்பார். அப்புறம் புதன்கிழமை மதியம்தான் திறப்பார்.

"திங்கள், செவ்வா, புதன்ல பாதி! ராஜா வீட்டு மாப்பிள்ளைகூட இத்தனை நாள் தூங்க மாட்டான்" என்று டெஜோ துண்டை உதறிக்கொண்டே போனார்.

"தொட்டி கழுவ மூணு நாளா? எங்க வீட்டுக்காரி அரை மணியில கழுவிடுவா" என்றார் பின்னால் வந்தவர். இந்தக் கிண்டல் ஊரில் ரொம்ப நாளாக ஓடுகிறது. வெண்டெல் எப்போதும்போல வாயைத் திறக்கவில்லை. கிங்காவும் ஒரு காலத்தில் இப்படிச் சொன்னவள்தான்.

எல்லோரும் போனபிறகும் அவளுக்கு வீட்டுக்குப் போகக் கால் எழவில்லை. மேலங்கியைப் போர்த்திக்கொண்டு, தண்ணீர் சுழித்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வெண்டெல் மாமா, நான் பள்ளிக்கூடம் படிக்கறப்போ திங்கட்கிழமை காலையில இங்க நீச்சல் வகுப்பு நடக்குமே. அப்போ ராத்திரிக்குள்ள நிரம்பிடுமா?"

"அப்போ நான் சுறுசுறுப்பா இருந்தேன்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"வெளையாடாதீங்க."

வெண்டெல் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "நாளைக்கு விடிகாலையில வால்வைத் திறப்பேன். முழுசாத் திறப்பேன். புதன் மதியம் கழுத்துக்கு வரும். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கிட்டே போகுது. முன்னாடியெல்லாம் குழாயிலேர்ந்து பாய்ஞ்சு எதிர்ச் சுவத்துல அடிக்கும். இப்போ வழியுது."

அழுத்தம் குறைகிறது என்பது அவளுக்குத் தெரிந்த சமாச்சாரம்தான். அளவுகளை அவளே வாங்கி, கோடு போட்டு, மன்றத்துக்குக் கொடுத்திருக்கிறாள். ஆனாலும் கோடாகப் பார்ப்பது வேறு, இவர் வாயால் கேட்பது வேறு.

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"சொன்னா? டாக்டர் சீட்டு எடுத்துக்கிட்டு பஸ்ஸுல வர்ற முட்டிவலிக்காரங்க அத்தனை பேரும் அடுத்த ஊருக்குப் போயிடுவாங்க. கெணறு சாகுதுன்னு நான் என் வாயால சொல்றதா? அதுக்கு நான் சோம்பேறின்னே பேர் வாங்கிக்கறேன்."

வீட்டுக் கதவைத் திறந்ததும் மீன் குழம்பு வாசனை. சிவப்பு மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்டு ஆகோஷ் கிளறிக்கொண்டிருந்தான். அவன் உடம்பில் இரண்டு கம்பளிச் சட்டை, தலையில் குல்லா. செய்தி அவளுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிட்டது. இந்த ஊரில் எந்தச் செய்திதான் நடந்து வருகிறது!

"என் ராணி!" என்று கரண்டியோடு வந்து கட்டிக்கொண்டான். "கிராஸுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். வேற ஆளைப் பாத்துக்கடா, என் பொண்டாட்டி எனக்கு பூமிக்குள்ளேர்ந்து சூடு கொண்டுவரா, உன் கடையில எவன் குந்துவான்னு கேட்டேன்." சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. மொளகாத்தூள்."

கிங்கா சிரித்தாள். சாப்பிட்டாள். பரணிலிருந்து அவன் ஏற்கெனவே இறக்கி வைத்திருந்த பெட்டியை மறுபடியும் மேலே ஏற்றக் கைகொடுத்தாள். உள்ளே ஏதோ ஒன்று அவளைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. குளியல் நிலையம் எடுக்கிற தண்ணீரைப்போல முப்பது மடங்கை அவளுடைய புதுக் கிணறு எடுக்கும். எடுத்துக் கால்வாயில் விடும். வாத்துகளுக்குக் கொண்டாட்டம்தான். கையில் இருக்கிற ஒரே மானியம், ஊருக்கு இருக்கிற ஒரே வாய்ப்பு, அதை வைத்து, மெதுவாகச் செத்துக்கொண்டிருக்கிற ஒன்றைச் சீக்கிரம் சாகடிக்க அவளே ஏற்பாடு செய்துவிட்டு வந்திருக்கிறாள். படுத்தால் புரண்டாள், எழுந்தால் நடந்தாள். ஆகோஷ் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கினான். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

அவனிடம் சொல்லிவிட்டுச் செய்திருக்கவேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அவன் முகத்தைப் பார்த்ததும் தன் தைரியமெல்லாம் போய்விடும் என்று பயந்தாள். திங்கட்கிழமை காலை அவன் எழுந்திருக்கும் முன்பே நேராக வெண்டெலிடம் போய் நின்றாள்.

"மன்றத்துல ஏழு பேரையும் இங்க கூட்டிட்டு வரப்போறேன். தொட்டிக்குள்ள. கதவைத் திறந்து வையுங்க."

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று வெண்டெல் எகிறினார். "பார்த்தா மத்தியானத்துக்குள்ள ஊர் பூரா தெரியும். அப்புறம் எவன் வருவான்? என் பொழப்பு என்ன ஆவறது?"

"தெரியாமலே போனா கெணறே போயிடும் மாமா. அப்புறம் நீங்க எதைக் காவல் காப்பீங்க?"

வெண்டெல் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார், மறுபடியும் மாற்றினார். "செருப்போட எறங்கக்கூடாது" என்றார் கடைசியில். "நான் கழுவி வெச்சிருக்கேன்."

மண்டபத்தில் லோராந்த், "நேத்து தண்ணியில பேசினபடியே..." என்று வழக்கமான வாக்கியத்தை ஆரம்பித்தான். கைகள் பாதிவழி வந்துவிட்டன.

"மனுவை நான் திரும்ப வாங்கிக்கறேன்" என்றாள் கிங்கா.

பாதிவழியில் கைகள் நின்றன. யாருக்கும் தங்கள் காதையே நம்ப முடியவில்லை.

"என்ன சொல்றே?" என்றான் லோராந்த். "தண்ணியில சரின்னு சொன்னியே!"

"சொன்னேன். தப்பு. ரெண்டு கெணறுன்னா போடலாம், இல்லேன்னா எதுவும் வேணாம். ஏன்னு இங்க உக்காந்து சொன்னா உங்களுக்கு ஏறாது. என்கூட வாங்க. தெருவைத் தாண்டினா போதும்."

"மானம் போகுது!" என்று மேசையில் தட்டினான் அவன். "ஊர்ல இப்படி ஒருத்தரும் பண்ணினதில்லை!"

பண்ணினதில்லை என்பதாலேயே எல்லோரும் எழுந்து பின்னால் போனார்கள். வேடிக்கை என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கால் தானாக நடக்கும். வெண்டெல் வாசலில் நின்று ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்ற வைத்தார். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, நகரத்தின் பெரிய மனிதர்கள் ஏணிப்படியில் இறங்கினார்கள்.

தொட்டியின் அடியில் தண்ணீர் கணுக்காலைக்கூட முழுசாக மூடவில்லை. நேற்று அவர்கள் உட்கார்ந்திருந்த கல் திண்டு, நின்று பார்த்தால் மார்புக்கு வந்தது. பிரோஷ்கா அதைத் தடவிப் பார்த்தாள். மேலே சிங்கமுகக் குழாயிலிருந்து தண்ணீர் சுவரோடு ஒட்டி வழிந்துகொண்டிருந்தது.

"இன்னும் திறக்கலையா?" என்று கேட்டாள்.

"விடிகாலையிலேர்ந்து திறந்திருக்கு" என்றார் வெண்டெல்.

"அடைப்பா இருக்கும்" என்றார் டெஜோ.

"போன வருஷந்தான் புதுக் குழாய் போட்டோம்."

"அப்போ வால்வை முழுசாத் திறந்திருக்க மாட்டே. உன்னைத் தெரியாதா எனக்கு!"

"நீங்களே திறந்து விடுங்க" என்று வெண்டெல் ஒதுங்கி நின்றார்.

டெஜோ திண்டில் ஏறி, இரண்டு கையாலும் வால்வின் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினார். முகம் சிவந்தது. சக்கரம் இம்மிகூட நகரவில்லை. அதற்குமேல் திறக்க எதுவும் மிச்சமில்லை. அப்படியே சக்கரத்தைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். திரும்பியபோது அவர் முகத்தில் கிண்டல் இல்லை.

"புதன்கிழமை வரைக்கும் இதுக்குத்தானா?" என்று வெண்டெலைக் கேட்டார்.

"இதுக்குத்தான்."

"சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"நீங்க சொன்னீங்களா?" என்றாள் கிங்கா. அவளுக்கே தெரியாமல் வாயில் வந்த கேள்வி அது. டெஜோவின் கிணறுகளும் இதே தண்ணீரைத்தானே குடிக்கின்றன!

டெஜோ திண்டில் உட்கார்ந்தார். ஈரம் கால்சட்டையில் ஏறியதை அவர் கவனிக்கவில்லை. "மூணு வருஷமா பம்பு வெச்சுதான் இழுக்கறேன்" என்றார். "நாலாவது கெணத்துல ஒண்ணுமே இல்லை. மூடி போட்டு, மேல பூந்தொட்டி வெச்சிருக்கேன். டெஜோ கெணறு வத்திப்போச்சுன்னு ஊர் சிரிக்குமேன்னு..."

"எங்க அண்ணன் கெணத்துலயும் பம்புதான்" என்றார் பின்னால் நின்ற ஓர் உறுப்பினர். இன்னொருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கீழே பார்த்தார். பாருங்கள் கூத்தை! பீறிட்டு அடிக்கிற கிணறுதான் இங்கே ஒருவனுக்கு மீசை மாதிரி. அவனவன் கிணறு செத்துக்கொண்டிருப்பதை அவனவன் மறைத்துவிட்டு, அடுத்தவன் கிணறு மட்டும் நன்றாக இருக்கிறது என்று பொறாமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"சரி, தோண்டினா தண்ணி கண்டிப்பா வருமா?" என்று கேட்டாள் பிரோஷ்கா. "அதைச் சொல்லு முதல்ல."

இந்தக் கேள்விக்குத்தான் கிங்கா பயந்திருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"கண்டிப்பான்னு சொல்ல மாட்டேன், அக்கா. அறுபது வருஷம் முன்னாடி எண்ணெய் தேடித் தோண்டினவங்க பக்கத்துலயே கொதிக்கற தண்ணியைப் பார்த்து, திட்டிட்டு மூடிட்டுப் போயிருக்காங்க. அதனால இருக்கும்னு நம்பறேன். ஆனா பூமிக்குள்ள நான் போய்ப் பார்த்ததில்லை. போட்ட பணம் மண்ணாப் போனாலும் போகலாம்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "கேஸுக்கு வருஷா வருஷம் கொட்டறோமே, அது திரும்பி வருதா? இது ஒரே தடவை பெரிய செலவு. அப்புறம் பம்பு ஓடற கரண்ட்டும் நம்ம ஆளுங்க சம்பளமும்தான். எவன் எந்த நாட்டுல சண்டை போட்டாலும் நம்ம குழாய் சுடும். திருப்பி விட்டா நம்ம பேரப் பசங்க காலத்துலயும் சுடும். திருப்பி விடலேன்னா, நாம சாகறதுக்கு முன்னாடி அது செத்துடும். இதோ, இப்படித்தான் சாகும்." குழாயைக் காட்டினாள்.

எல்லோரும் குழாயைப் பார்த்தார்கள்.

"இன்னும் ரெண்டு குளிர்காலம்" என்றான் லோராந்த். "அந்தப் பதினோரு கட்டடமும் நடுங்கும், கிங்கா. உன்னைத்தான் திட்டுவாங்க. ஆகோஷை நினைச்சுப் பார்த்தியா?"

"வேற யாரை நினைச்சேன்னு நினைக்கறே?" என்றாள். அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டாள், வெட்கப்படவும் இல்லை. "தண்ணியில உனக்குச் சரின்னு சொன்னது அவனுக்காகத்தான்டா."

டெஜோதான் முதலில் கை தூக்கினார். அவர் கையோடு போகிற இரண்டு கைகளும் போயின. பிரோஷ்கா யோசித்து, யோசித்து, தூக்கினாள். நேற்று வீட்டுக்காரியைச் சொல்லிக் கிண்டல் செய்துவிட்டு, இப்போது வெண்டெல் பக்கம் முகத்தைக் காட்ட முடியாமல் நின்ற ஐந்தாவது ஆளும் தூக்கினார். மிச்சமிருந்த ஒருவரும் லோராந்தும் தூக்கவில்லை. ஆனால் லோராந்த் எழுத்தரைக் கூப்பிட்டு, இங்கேயே எழுதிக்கொள்ளச் சொன்னான்.

கிங்கா வீட்டுக்கு ஓடவில்லை. நடந்தாள், நின்றாள், மறுபடியும் நடந்தாள். ரொட்டிக்கடை வாசலில் நின்று எதையும் வாங்காமல் திரும்பினாள். தன் கட்டடத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். ஐந்து மாடி ஏறுவதற்குள் சொல்ல வேண்டிய வாக்கியத்தை நாலு விதமாக மாற்றிப் பார்த்தாள். ஒன்றும் உதவவில்லை.

கதவு திறந்திருந்தது. பெட்டி கட்டில் மேல் திறந்து கிடந்தது. ஆகோஷ் முதுகைக் காட்டிக்கொண்டு சாக்ஸ்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"மேல்வீட்டு அம்மா வந்து சொன்னா" என்றான் திரும்பாமல். "வாழ்த்துக்கள்னு சொன்னா. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை."

"ஆகோஷ்..."

"நேத்து கிராஸுக்கு வரலைன்னு சொன்னேன், இன்னைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கேன். அவன் சிரிக்கறான். சிரிக்கட்டும்." ஒரு சாக்ஸைத் தூக்கிப் பெட்டியில் எறிந்தான். "ஊர்க்காரன் பேரப் பிள்ளைக்கெல்லாம் கெணறு வெட்டிட்டே. புருஷனுக்கு? ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உனக்கு?"

"சொல்லியிருந்தா செஞ்சிருக்க மாட்டேன்."

அவன் இருமினான். நேரமெடுத்து இருமினான். அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கிக் குடித்தான்.

"நீ வரமாட்டே, இல்ல?" என்றான்.

அவள் எப்படிப் போவாள்? மனு மாற்ற வேண்டும், கடனுக்கு அலைய வேண்டும், தலைநகரத்தில் கதவு கதவாகத் தட்ட வேண்டும். அதுவரை பதினோரு கட்டடத்தையும் பதினேழு டிகிரியில் ஓட்ட வேண்டும். அவள் விட்டுவிட்டுப் போனால் லோராந்த் மறுநாளே ஒற்றைக் கிணற்றுக்குத் திரும்பிவிடுவான். இதெல்லாம் ஆகோஷுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டான். வரமாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அவனுடைய கம்பளிச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். கிராஸில் அவை தேவைப்படாது என்று இருவருக்கும் தெரியும், ஆனாலும் மடித்தாள், அவனும் வாங்கி வைத்தான். பெட்டி மூடவில்லை. அவள் மேலே உட்கார, அவன் பூட்டினான். அப்போது அவன் முகம் அவள் முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது.

"நான் செஞ்சது தப்பா ஆகோஷ்?" என்று கேட்டாள். "உண்மையைச் சொல்லு."

அவன் பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் நின்றது.

"தப்பா இருந்தா அதை மாத்தச் சொல்லி உன்னைத் தெனமும் திட்டிக்கிட்டு இங்கேயே கெடந்திருப்பேனேடி" என்றான். "தப்பில்லாததாலதான் போக வேண்டியிருக்கு."